துக்கத்தோடு வகுப்புக்கு வரும் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் தொடங்கி 2021 ஏப்ரல் முடிய 14 மாதங்கள். அதற்குள் கொரோனா தொடர்பான மரணங்களால் உலகெங்கும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தாயையோ, தந்தையையோ, தங்களோடு வாழ்ந்த தாத்தா பாட்டியையோ இழந்திருப்பார்கள் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இப்படியொரு பிள்ளை வகுப்பில் இருந்தால் என்ன ஆறுதல் சொல்வது என்றுதான் ஆசிரியர்கள் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பள்ளியால் நிறையச் செய்ய முடிவது ஏற்பாடுகளில்தான்.

சாவுச் செய்தி வந்த அன்றே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வகுப்பாசிரியராக இருக்கலாம், பிள்ளைக்குப் பிடித்த வேறு ஆசிரியராகவும் இருக்கலாம். குடும்பத்தோடு பேசுவது அவர் ஒருவர் மட்டுமே. ஐந்து பேர் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால், அந்த வீட்டார் ஐந்து முறை அதையே சொல்லி அழ வேண்டியிருக்கும். அவர் கேட்டறிய வேண்டியவை கொஞ்சம்தான். பிள்ளைக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது? மரணத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள்? வகுப்பில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? இனிமேல் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டில் வேறு யாராவது நோயில் படுத்திருக்கிறார்களா?

அடுத்தது அலுவலக வேலை. இதைத்தான் பல பள்ளிகள் மறந்துவிடுகின்றன. இறந்துபோன தந்தையின் கைப்பேசி எண்ணுக்கு, 'உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை' என்று தானாகக் குறுஞ்செய்தி போகும். அந்தக் கைப்பேசி இப்போது மகளின் கையில் இருக்கும். கட்டண நினைவூட்டல், பெற்றோர் கூட்ட அழைப்பு, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா என்ற வரி எல்லாமே இப்படித்தான் போய்க் குத்தும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதிவேடுகளைத் திருத்தினால் தவிர்த்துவிடலாம். பாட ஆசிரியர்கள், அலுவலக ஊழியர், பேருந்து ஓட்டுநர் எல்லாருக்கும் செய்தி தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போடவே கூடாது.

பள்ளி மூடியிருந்தால் தொலைபேசிதான் வழி. பிள்ளையோடு பேசும் முதல் அழைப்பு ஐந்து நிமிடம் போதும். முகத்தைப் பார்த்துப் பேசுவது எல்லாப் பிள்ளைக்கும் இதமாக இருக்காது, அதனால் வீடியோ வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "அம்மா இறந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. பேசணும்னு தோணினா பேசு, இல்லேன்னா சும்மா இருக்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி கூப்பிடுறேன்." இவ்வளவுதான். வியாழக்கிழமை கட்டாயம் கூப்பிட வேண்டும். சொன்னபடி கூப்பிடாமல் விட்டால், இன்னொருவரும் தன்னை விட்டுப் போய்விட்டதாகவே அந்தப் பிள்ளைக்குப் படும்.

'இறந்துவிட்டார்' என்றே சொல்லுங்கள். 'தூங்கிவிட்டார்' என்று கேட்ட சின்னப் பிள்ளை இரவில் கண்ணை மூடப் பயப்படும். 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். இறந்தவர் திரும்ப மாட்டார், அவர் உடல் இனி இயங்காது என்பதெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் மெல்லப் பிடிபடுகிறது. பெருந்தொற்றில் இது இன்னும் கடினம். ஆம்புலன்ஸில் ஏறிப்போன அப்பாவைப் பிள்ளை அதன்பிறகு பார்க்கவே இல்லை. உடல் வீட்டுக்கு வரவில்லை, சடங்கும் நடக்கவில்லை. அப்படியானால் அவர் எங்கோ இருக்கிறார் என்று எட்டு வயதுப் பிள்ளை நம்பினாலும் வியப்பில்லை. அதே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். விருப்பமிருந்தால் கடிதம் எழுதலாம், படங்களைச் சேர்த்து ஒரு பெட்டியில் வைக்கலாம். வகுப்பு முழுவதும் செய்ய வேண்டிய பயிற்சியாக இதை ஆக்கிவிடாதீர்கள்.

குற்ற உணர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'நான் விளையாடப் போய் நோயைக் கொண்டுவந்தேன், பாட்டி செத்துப்போனாள்.' தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் மனதுக்குள் ஓடும் எண்ணம் இது, பெரும்பாலும் வெளியே வராது. வந்தால் நாம் உடனே, "சீ, அப்படியெல்லாம் நினைக்காதே" என்கிறோம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை மறுபடி வாய் திறக்காது. முதலில், "ஏன் அப்படித் தோணுது?" என்று கேட்டு முழுவதையும் சொல்ல விடுங்கள். பிறகு, இந்தக் கிருமி காய்ச்சல், இருமல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவக்கூடியது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று வீட்டுக்குள் உறுதியாகச் சொல்வது கடினம், வேண்டுமென்று யாரும் பரப்பவில்லை என்று விளக்குங்கள். ஒரே தடவையில் மனம் ஆறாது. சில வாரம் கழித்து நீங்களாகவே மறுபடி கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை திரும்பி வருவதற்கு முன்பே வகுப்புக்குச் சொல்லிவிட வேண்டும், அதுவும் பிள்ளையின் சம்மதத்தோடு. எப்படி இறந்தார், யாரால் வந்தது என்று துருவக்கூடாது, பக்கத்தில் உட்காரத் தயங்கவும் கூடாது என்று மற்ற மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தாங்க முடியாமல் போனால் மேசையில் ஓர் அட்டையை வைத்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் எழுந்துபோக ஒரு வழி இருக்கட்டும். எந்த அறைக்குப் போக வேண்டும், அங்கே யார் இருப்பார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வரலாம். இணைய வகுப்பென்றால் கேமராவை அணைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

துக்கத்தில் கவனம் சிதறும், படித்தது நிற்காது. அதற்காக எல்லா வேலையிலிருந்தும் விலக்கு அளிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீடே தலைகீழாகிவிட்ட பிள்ளைக்கு மாறாமல் இருப்பது பள்ளியின் மணியும் பாடவேளையும்தான். பத்துக் கணக்குக்கு மூன்று கொடுங்கள், பரீட்சையைத் தள்ளிவையுங்கள், ஆனால் கொடுத்த மூன்றையும் திருத்திக் கொடுங்கள். காலையில் அழுத பிள்ளை இடைவேளையில் சிரித்து விளையாடும். அதைப் பார்த்து, துக்கம் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோபம், வயிற்றுவலி, அடிக்கடி வராமல் நின்றுபோவது ஆகியவையும் துக்கத்தின் வெளிப்பாடாக இருக்கலாம். மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் சம்பாதிக்கவும் இறங்கி, படிப்பை விட்டுவிடும் அபாயமும் உண்டு.

"எனக்கும் அப்பாகிட்டப் போகணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது ஏக்கமாக இருக்கலாம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமாகவும் இருக்கலாம். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாமல், அன்றைக்கே வீட்டாருக்குத் தெரிவித்து மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், ஆறு மாதம் கடந்த பிறகும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் முடங்கிக் கிடந்தால் நிபுணர் உதவி தேவை.

பொறுப்பேற்ற ஆசிரியரின் வீட்டிலும் அதே நோயில் ஒருவர் போயிருக்கலாம். அவரால் முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள்.

பரிவு முதல் மாதத்தில் பெருகி, மூன்றாம் மாதத்தில் வற்றிவிடுவது வழக்கம். அதனால் நாள்காட்டியில் குறித்துவையுங்கள்: மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், முதலாண்டு நினைவு நாள், இறந்தவரின் பிறந்தநாள், பள்ளியில் அன்னையர் தினம் கொண்டாடும் நாள், மரணம் வரும் பாடத்தை நடத்தும் வாரம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் முன்பே பிள்ளையிடம் சொல்லி, இருக்கிறாயா, வேறு வேலை செய்கிறாயா என்று கேளுங்கள். ஆண்டு முடிந்து பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும்போது, புதிய ஆசிரியரிடம் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றும் போகட்டும். யார் இறந்தார், எப்போது, இப்போது பொறுப்பாளர் யார், எந்த நாட்கள் கடினம், எது உதவியது என்று அதில் இருக்க வேண்டும். எழுதியதைக் கொடுப்பதற்கு முன் பிள்ளையிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அது சொல்லும் வரியை அடித்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.