‘ஜி’ போட்டு எழுதும் ஜெயில்

அவையோருக்கு வணக்கம். ஜி, ஏ, ஓ, எல். பழைய ஆங்கில நூல்களில் இந்த நான்கு எழுத்துகளைக் கண்டு ‘கோல்’ என்று படித்துவிட்டுத் திகைத்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆங்கிலேய அச்சகங்களே இந்தச் சொல்லையும் இலக்கைக் குறிக்கும் ‘கோல்’ என்ற சொல்லையும் மாற்றி அடித்ததுண்டு. அது நமக்குத் தெரிந்த ஜெயில்தான்.

லத்தீனில் ‘கவெயா’ என்றால் கூண்டு. அதன் வழிவந்த சொல்லைப் பாரிஸ் பக்கத்தில் ‘ஜ’ என்று தொடங்கினார்கள், நார்மண்டியில் ‘க’ என்று தொடங்கினார்கள். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் நார்மன்கள். அவர்களுடைய எழுத்து அரசு ஏடுகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாக்கில் நிலைத்ததோ பாரிஸ் ஒலி. லண்டன் நாளிதழ்கள் இன்று ‘ஜே’ போட்டே எழுதுகின்றன. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 அயர்லாந்து எழுச்சியின் தலைவர்களைச் சுட்டுக்கொன்ற டப்ளின் கில்மைனம் சிறை போன்ற பழைய கட்டடங்களின் பெயரில்தான் ‘ஜி’ தங்கியிருக்கிறது.

சொல் கிடக்கட்டும். உள்ளே என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். 1166இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, சிறை இல்லாத கவுண்டிகளில், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதிகளில், சிறை கட்டச் சொன்னார். தண்டனைக்காக அல்ல, விசாரணை வரும்வரை ஆளைப் பிடித்து வைப்பதற்காக. தண்டனை என்றால் அபராதம், கசையடி, தூக்கு. சுற்றுப்பயணமாக வரும் நீதிபதிகள் வழக்குகளைத் தீர்த்துச் சிறையைக் காலி செய்வார்கள். இதற்கு ‘ஜெயில் டெலிவரி’ என்று பெயர்!

காலி செய்தால் வீட்டுக்குப் போகலாமா? அங்கேதான் வம்பு. பல சிறைகளில் காவலருக்குச் சம்பளம் கிடையாது. கைதி கொடுக்கும் கட்டணமே அவருடைய பிழைப்பு. 1773இல் பெட்ஃபர்ட்ஷயர் கவுண்டியின் ஷெரீஃபாக, அதாவது அதன் சிறைக்கும் பொறுப்பான அதிகாரியாக, பதவியேற்ற ஜான் ஹவர்டு கண்ட காட்சி இது: மாதக்கணக்கில் அடைபட்டிருந்தவனை நீதிமன்றம் நிரபராதி என்கிறது, மறுபடி உள்ளே இழுத்துப் போகிறார்கள், கட்டணப் பாக்கிக்காக. குற்றமே செய்யாதவனுக்கு அடைபட்ட கூலியையும் சேர்த்துக் கட்டு என்பது என்ன நியாயம்?

காவலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கவுண்டி நீதிபதிகளிடம் கேட்டார் ஹவர்டு. முன்னுதாரணம் காட்டுங்கள் என்றார்கள். எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் பதில்! மனிதர் குதிரையேறி அக்கம்பக்கத்துக் கவுண்டிகளுக்குப் போனார். முன்னுதாரணம் கிடைக்கவில்லை, அதே அநியாயம்தான் அங்கும் கிடைத்தது. விடாமல் அலைந்து திரட்டியதை நாடாளுமன்றத்தின் முன் சாட்சியமாக வைத்தார். 1774இல் சட்டம் வந்தது: விடுதலையானவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது, காவலருக்குரியதைக் கவுண்டி நிதியிலிருந்து கொடுக்க வேண்டும்.

சட்டம் வந்ததும் காவலர்கள் கையை நீட்டாமல் இருந்துவிடுவார்களா? ஹவர்டுக்கும் அந்த நம்பிக்கை இருந்திருக்காது. தம் சொந்தச் செலவில் சட்டத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கவுண்டிச் சிறைக் காவலர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி அனுப்பிவைத்தார்.