கச்சேரி மொழியும் ஊர்ப்பேச்சும்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்தியை நான் பாடப்புத்தகத்தில்தான் படித்தேன். இலக்கணம் பிசகாமல் எழுத வந்தது, தேர்வில் மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அந்த மொழியின் உயிரை எனக்குக் காட்டியவன் ஒரு வண்டிக்காரன். பெயர் ஹீராமன். பீகாரின் பூர்ணியா சீமையில் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். பணீஸ்வரநாத் ரேணு எழுதிய 'மாரே கயே குல்ஃபாம்' என்ற சிறுகதையின் நாயகன்.

கதை தொடங்கும்போதே ஹீராமனின் முதுகு குறுகுறுக்கிறது. வண்டிக்குள் ஒரு பெண் இருக்கிறாள். ஹீராபாய், நௌடங்கி என்னும் நாட்டுப்புற நாடகக் கம்பெனியின் நடிகை. வண்டியில் செண்பகப்பூ மணம். "அண்ணா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கிறாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவனுக்குத் தோன்றுவது ஒரே சொல்: 'பேனுகிலாஸ்'! ஃபோனோகிராஃப் என்னும் பழைய பாட்டுப்பெட்டியின் பெயர் அந்தச் சீமையின் வாயில் அப்படி உருண்டுவிட்டது. ரேணு அதைத் திருத்தவில்லை. கேட்டபடியே எழுதினார். அதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கும் பெயர் ஹீரா. அதனால் "இனி அண்ணா இல்லை, மீதா என்றுதான் கூப்பிடுவேன்" என்கிறாள். மீதா என்றால் தோழன். இவளோடு எந்த மொழியில் பேசுவது என்று ஹீராமனுக்கு யோசனை. 'கச்ராஹி' பேச்சில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லலாம், மனசுவிட்டுப் பேச ஊர்ப்பேச்சுதான் வேண்டும் என்று நினைக்கிறான். கச்ஹரி என்றால் நீதிமன்றம், அரசு அலுவலகம். நம் பெரியவர்கள் தாலுகா கச்சேரி என்பார்களே, அதே சொல்தான்.

இந்தி என்று ஒற்றைப் பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதன் பாட்டிலும் கதையிலும் ஈரம் சேர்த்தவை மைதிலி, போஜ்புரி, அவதி, பிரஜ் போன்ற ஊர்ப்பேச்சுகள். 1954இல் வந்த 'மைலா ஆஞ்சல்' நாவலிலும் ரேணு பூர்ணியா கிராமத்தைத்தான் பேசவிட்டார். இந்தியில் வட்டார நாவல் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

இந்தக் கதை ஒரு பாடலாசிரியரைப் பிடித்துக்கொண்டது. மும்பையில் ரயில்வே தொழிலாளியாக இருந்து திரைக்கு வந்த சைலேந்திரா, கதையைத் தாமே தயாரித்து 'தீஸ்ரி கசம்', அதாவது 'மூன்றாவது சத்தியம்', என்ற படமாக்கினார். வசனம் ரேணு. ஹீராமனாக ராஜ் கபூர், ஹீராபாயாக நம் செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான்.

அதில் முகேஷ் பாடும் ஒரு பாட்டு 'ஸஜன்வா பைரி ஹோ கயே ஹமார்' என்று தொடங்கும். நான் படித்த புத்தகத்தில் அது 'ஸஜன்', 'ஹமாரே' என்றுதான் இருந்திருக்கும். 'ஸஜன்வா' என்று ஒரு 'வா' ஒட்டிக்கொண்டதும், 'ஹமாரே'யின் வால் உதிர்ந்து 'ஹமார்' ஆனதும் போஜ்புரியின் வேலை. அந்த 'வா'வை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள், ஏக்கமும் சேர்ந்து போய்விடும். கடிதம் என்றால் எவரும் வாசித்துவிடலாம், விதியை வாசிப்பவர் யார் என்று அந்தப் பாட்டில் ஒரு கேள்வி வரும். எழுத்தறியாத வண்டிக்காரன் வாயில் அந்தக் கேள்வியை வைத்த சைலேந்திராவை நான் பெருங்கவி என்றே சொல்வேன்.

படம் 1966இல் வந்தது. ஓடவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் தேதி சைலேந்திரா காலமானார். சிறந்த படத்துக்கான தேசிய விருது அதன் பிறகே வந்தது.

கதையின் கடைசியில் ஹீராபாய் ரயிலேறிப் போய்விடுகிறாள். இனி கம்பெனிப் பெண்ணை வண்டியில் ஏற்றுவதில்லை என்பது ஹீராமனின் மூன்றாவது சத்தியம். அழுகையை அவன் காட்டவில்லை. மாடுகள் மீது பாய்கிறான்: "தண்டவாளத்தையே திரும்பித் திரும்பி என்ன பார்க்கிறீர்கள்?"

மாடுகள் ஓட்டமெடுக்கின்றன. ஹீராமன் ஏதோ முணுமுணுத்துப் பாடத் தொடங்குகிறான்.

வணக்கம்.