திலகவதியார் கையில் எடுத்த துடைப்பம்

அன்பர்களுக்கு வணக்கம்.

யாரையோ பறிகொடுத்துவிட்டு இந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களை மனத்தில் வைத்துத்தான் இன்று திலகவதியாரை எடுத்துக்கொண்டேன்.

அப்பருடைய அக்கா என்று ஒரு வரியில் அவரைக் கடந்துவிடுகிறோம். பண்ணுருட்டிப் பக்கம் திருவாமூரில், 7-ஆம் நூற்றாண்டில், அந்தப் பெண்ணுக்கு நடந்ததைக் கேளுங்கள். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு அவரைப் பேசி முடிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை போருக்குப் போகிறார். இங்கே தந்தை புகழனார் நோயில் போகிறார். தாங்காமல் தாய் மாதினியாரும் உயிரை விடுகிறார். அந்த ஈரம் காய்வதற்குள் போர்முனையிலிருந்து சேதி வருகிறது: கலிப்பகையாரும் இல்லை.

அவரோடு என் உயிரும் போகட்டும் என்று எழுந்துவிட்டார் திலகவதியார். தம்பி மருள்நீக்கியார், சின்னப் பையன், காலில் விழுந்து அழுகிறான். 'நீங்களும் போனால் உங்களுக்கு முன்னால் நான் போய்விடுவேன்' என்கிறான். தம்பி உயிரோடு இருக்க வேண்டுமே என்ற ஒரே நினைப்பில் அவர் இருந்துவிட்டார் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். அந்தக் கணத்தில் அவருக்குப் பெரிய ஞானம் எதுவும் பிறக்கவில்லை. ஒரு பிள்ளைக்குச் சோறு போட ஆள் வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அந்தத் தம்பியும் பின்னால் அவரை விட்டுப் போனார். சமணத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில், இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்று பேர் வாங்கினார். அக்கா கெடிலக்கரைத் திருவதிகைக்கு வந்து, விடியுமுன் எழுந்து வீரட்டானேசுவரர் கோயிலைக் கூட்டினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்துத் தொடுத்தார். தம்பிக்காக வேண்டிக்கொண்டார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக.

என் அப்பா போன பிறகு அம்மா யாரோடும் பேசவில்லை. பதினேழாம் நாள் காலையில் வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் நின்று சொட்டுகிறது, கை நிற்கவில்லை. துக்கம் தீர்ந்து அம்மா எழுந்து வரவில்லை. துக்கத்தையும் கூட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். திலகவதியாரை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பிறகு சூலைநோய் தம்பியின் வயிற்றைச் சுருட்டுகிறது. வைத்தியம் பலிக்கவில்லை. இரவோடு இரவாக வெள்ளைத் துணியால் உடம்பை மூடிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் திருவதிகைக்கு வந்து அக்கா காலில் விழுகிறார். 'அன்றைக்கே சொன்னேனே' என்று அக்கா சொல்லவில்லை. திருநீறு கொடுத்தார். அதற்குள் கோயிலுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. எத்தனையோ ஆண்டு கழித்துத் தம்பி வந்திருக்கிறான், நோயாளி. ஒருநாள் வேலையை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ வழக்கம்போலத் துடைப்பத்தையும் மெழுகுகிற சாணத்தையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட அழைத்துக்கொண்டு, இருட்டில் நடந்தார். அந்த விடியலில் அந்தச் சன்னிதியில்தான் அப்பரின் முதல் பதிகம் பிறந்தது.

கோயில்களில் அப்பர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். தோளில் சாய்த்தபடி ஒரு உழவாரம் இருக்கும், கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குகிற கருவி. அடுத்த முறை போகும்போது அதைக் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். அது யார் வீட்டுப் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.