நூற்றுக்கு இருபது, ஆனால் எதிலிருந்து?

(கிளிநொச்சியில் இளம் இசைக் கலைஞர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கென்று ஒரு பக்திப் பாடல் இறுவட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பாட்டு. வரி எழுதியவர் முள்ளியவளை, மெட்டுப் போட்டவர் வவுனியா, பாடிய பிள்ளை பரந்தன், காசு போட்ட அண்ணை ரொறன்ரோ. இறுவட்டு என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது ஓடப்போவது யூடியூப்பிலும் ஸ்பொட்டிஃபையிலும்தான். அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

காசு போட்டவருக்கு என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பாடி, வாசித்து, கலையகத்தில் பதிந்தெடுத்த ஒலி இன்னொன்று. தொழிலில் அதை மாஸ்டர் என்பார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது. வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டும் பாதுகாப்பு. வெளியான ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தங்கள் நிகழ்த்துகை மீது தனி உரிமை உண்டு. இதற்காக எந்தக் கந்தோருக்கும் போய்ப் பதியத் தேவையில்லை; ஆக்கிய கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது.

ஒலிப்பதிவை முன்னின்று பொறுப்பேற்று நடத்தியவர் என்ற வகையில் மாஸ்டர் அந்த அண்ணைக்குப் போகலாம். வரியும் மெட்டும் அப்படித் தானாகப் போகாது. எழுத்தில், இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓம் அண்ணை, நீங்களே பாருங்கோ" என்று குரல் அனுப்புவதால் உரிமை கைமாறாது. ஆனால் மாறிவிட்டது என்று அண்ணை நம்பிக்கொண்டிருப்பார். பிணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் நல்ல சாட்சி. அவருடைய முதல் ஆறு தொகுப்புகளின் மாஸ்டர்கள் 2019இல் வெளியீட்டு நிறுவனத்தோடு சேர்த்து விற்கப்பட்டன. பதிவு போனது, பாட்டு எழுதியவர் என்ற உரிமை அவர் கையிலேயே இருந்தது. 2021 தொடக்கம் நான்கு தொகுப்புகளைப் புதிதாகப் பாடிப் பதிந்து வெளியிட்டார். 2025இல் பழைய மாஸ்டர்களையும் வாங்கிவிட்டார். வரியும் மெட்டும் பிறருடையதாக இருந்திருந்தால் இந்த வழி இவ்வளவு அகலமாகத் திறந்திராது. மறுபக்கத்தைத் தமிழிலேயே பார்த்தோம்: தன் அனுமதியின்றித் தன் பாடல்களை மேடைகளில் பாடக் கூடாது என்று 2017இல் இளையராஜா எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கே சட்ட அறிவித்தல் அனுப்பினார். குரல் ஊருக்கெல்லாம் தெரியும். பாட்டு குரலுக்குச் சொந்தமில்லை.

இனிக் கணக்கு. இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

ஒரு நிறுவனம் பதிவு, கலவை, காணொளி, விளம்பரம் என்று 3 இலட்சம் ரூபாய் செலவழிக்கிறது. உங்களுக்கு நூற்றுக்கு 20. ஒப்பந்தத்தில் "செலவை முதலில் மீட்டுக்கொள்வோம்" என்று ஒரு வரி. நியாயமான வரிதான், போட்ட காசை எடுக்கத்தானே வேண்டும். ஆனால் எதிலிருந்து எடுப்பார்கள் என்று கேளுங்கள். மொத்த வருமானம் 15 இலட்சம் என்போம். மொத்தத்திலிருந்து செலவைக் கழித்தால் மிச்சம் 12 இலட்சம்; அதில் 20 வீதம், 240,000 ரூபாய் உங்களுக்கு. செலவை உங்கள் பங்கிலிருந்து மட்டும் கழித்தால்? 15 இலட்சத்தில் உங்கள் பங்கு 3 இலட்சம், செலவும் 3 இலட்சம், கைக்கு வருவது பூச்சியம். நிறுவனத்துக்கு இலாபம் 12 இலட்சம். அதே பாட்டு, அதே இருபது வீதம். பெரிய நிறுவனங்களின் வழமையான ஒப்பந்தம் இரண்டாவது வகை. நாங்களோ இருபதை இருபத்தைந்தாக்கப் பேரம் பேசிவிட்டு இந்த வரியை வாசிக்காமல் கையொப்பம் வைக்கிறோம்.

முற்பணமும் இப்படித்தான். அது சம்பளம் இல்லை, உங்கள் பங்கிலிருந்து கழிக்கப்படும் காசு. முதல் தொகுப்பில் மீளாத செலவை அடுத்ததிலும் கழிப்போம் என்று ஒரு வரி ஒளிந்திருந்தால், இரண்டாவது நன்றாக ஓடினாலும் கை நனையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்துக்குக் கட்டி முடித்தால் வாகனப் பதிவுப் புத்தகம் உங்கள் பெயருக்கு வரும். உங்கள் பங்கிலிருந்து செலவு முழுவதும் கழிந்து முடிந்தாலும் மாஸ்டர் உங்கள் பெயருக்கு வராது, வரும் என்று எழுதியிருந்தாலொழிய.

ஆகவே மாற்றிக் கொடுக்காதீர்கள், அனுமதி கொடுங்கள்: மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு, அதன்பின் மாஸ்டர் திரும்ப வேண்டும். "உலகெங்கும், எல்லா ஊடகத்திலும், என்றென்றும்" என்ற சொற்றொடரைக் கண்டால் பேனையை மூடிவையுங்கள். செலவுக்கு உச்சவரம்பு கேளுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை தளங்களின் அறிக்கையோடு கணக்கு, தேவைப்பட்டால் பேரேட்டைப் பார்க்கும் உரிமை, இரண்டும் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். இந்தியாவில் 2012இல் செய்த சட்டத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கைமாற்ற முடியாத ஒரு பங்கைக் காக்கிறது. அது அங்கே, அதை நம்பி இங்கே கையொப்பம் வைக்க முடியாது.

நிறுவனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. காணொளிக்கும் விளம்பரத்துக்கும் முன்கூட்டிக் காசு தேவையென்றால் அது நல்ல துணை. வெறுமனே தளங்களில் ஏற்றித் தருவதற்கு மட்டும் எண்பது வீதம் கேட்டால், அந்த வேலையை ஆண்டுக் கட்டணத்துக்கோ சிறு தரகுக்கோ செய்யும் விநியோகச் சேவைகள் இணையத்தில் இருக்கின்றன. கனவு மட்டும் வேண்டாம்: 2024 தொடக்கம் ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குப் பங்கே இல்லை.

பதிவு நாளிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்: யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை வீதம், கூட்டினால் நூறு, கீழே எல்லோருடைய கையொப்பம். தவில்காரருக்கு ஒரே தடவைச் சம்பளம் என்றால் அதையும் எழுதுங்கள். இறுதிக் கலவையோடு ஒவ்வொரு வாத்தியத்தின் தனித்தடத்தையும் 24 பிட் வேவ் கோப்பாக வாங்கி இரண்டு இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி என்ற 12 இலக்க-எழுத்துக் குறியீடு கிடைக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விநியோகத்தை மாற்றும்போது புதுக் குறியீட்டில் ஏற்றினால் பழைய கேட்பு எண்ணிக்கை அதோடு சேர்ந்து வராது. யூடியூப் அலைவரிசை யாருடைய மின்னஞ்சலில் திறந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல குழுக்களில் அது விட்டுப்போன நண்பரின் பெயரில் இருக்கும்.

இணையத்தில் மலிவாக வாங்கிய பீட்டுக்கு, அதாவது ஆயத்தமாக விற்கும் பின்னணி இசைக்கு, பாடுகிறவர்களுக்கு ஒன்று. பிரத்தியேக உரிமை இல்லாமல் வாங்கிய அதே பீட்டை இன்னும் நூறு பேர் வைத்திருப்பார்கள். ஒரே ஒலி வரும் காணொளிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப்பின் கொன்டென்ட் ஐடியில் அதை உங்களுடையதாகக் காட்டினால் அவர்கள் காணொளிகள் மீதெல்லாம் உரிமை கோரல் பாயும். கடைசியில் உங்கள் கணக்குத்தான் முடங்கும்.

அருவிவெட்டுப் பாட்டு, பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு போன்ற நாட்டார் பாட்டுகளுக்கும் இதே கவனம் வேண்டும். அவற்றின் வரியும் மெட்டும் தனியொருவருடையதல்ல. வணிகத்துக்கு எடுக்கும்போது நாட்டார் வழக்குக்கென்றே அந்தச் சட்டத்தில் உள்ள பிரிவையும் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்த்த வாத்தியக் கோவையும் உங்கள் பதிவும் உங்களுடையவை. ஏற்றும்போது பாடலாசிரியர் என்ற இடத்தில் "மரபு" என்றும், இசைக்கோவை என்ற இடத்தில் உங்கள் பெயரையும் போடுங்கள். கொன்டென்ட் ஐடி என்ற பெட்டியில் சரி போடாதீர்கள். போட்டால், வயலில் அதே பாட்டைப் பாடிக் கைப்பேசியில் பதிந்து போடும் ஒரு அம்மாவின் காணொளிக்கும் உங்கள் பெயரில் அறிவித்தல் போகக்கூடும்.