சுவடு சொத்தே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பின்வரிசையில் சுண்டலுக்குக் காத்திருக்கும் பெருமக்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"இணையத்தில் நம் பெயரைத் தேடினால் அகப்படும் பழைய சுவடுகள் சொத்தா, சுமையா?" இதுதான் தலைப்பு. நான் சொத்து அணி. ஏன் என்று கேட்காதீர்கள், சீட்டுக் குலுக்கியதில் வந்தது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். "தன் பெயரைத் தானே தேடுகிறவர், வழுக்கைத் தலையோடு கண்ணாடி முன் நின்று சீப்பு தேடுகிறவர்" என்றார். சொல்லிவிட்டு என் தலையைப் பார்த்தார். அவர் பார்த்ததால் நீங்களும் பார்த்தீர்கள். நடுவரும் பார்த்தார். அவருக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது, ஏனென்றால் அவருக்கும்... சரி, தீர்ப்பு அவர் கையில் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

தம்பி, எனக்கும் முடி இருந்தது. நெற்றியில் சுருண்டு விழும். அந்தப் படத்தை, ஃபேஸ்புக் மாதிரி அப்போது இருந்த ஆர்க்குட் என்ற தளத்தில் போட்டிருந்தேன். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்க்குட்டை மூடினார்கள். படம் போயிற்று, அதே வேகத்தில் முடியும் போயிற்று. எனக்குச் சுருட்டை முடி இருந்தது என்றால் இன்று பெற்ற பிள்ளையே ஆதாரம் கேட்கிறது! சுவடு சுமை என்கிறீர்களே, சுவடு இல்லாதவன் படும் பாட்டை என் மண்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் மாமனார் கதைக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெயர் சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயரைச் சொன்னால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. போனில் மைக்கை அமுக்கி, அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில் தன் பெயரைச் சொன்னார். என்ன வந்தது? திருச்செந்தூரில் நடை திறக்கும் நேரம். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டார். "இனிஷியலோடு சொல்லுங்க மாமா" என்றேன். யாரோ ஒரு பல் டாக்டர் வந்தார். படித்த கல்லூரியின் பெயரையும் சேர்த்தார். அப்புறம்தான் வந்தது வினை. கல்லூரி ஆண்டு மலர், 1971. யாரோ ஒரு புண்ணியவான் பொருளடக்கத்தைத் தட்டச்சு செய்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்து ஏற்றியிருக்கிறார். உள்ளே மாமனார் எழுதிய கவிதை! தலைப்பு, 'நிலவே'.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மாமியாரைக் கூப்பிட்டு உரக்க வாசித்தார். மாமியார் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். மூன்றாவது வரியில் பூண்டு நின்றது.

"இது எந்த வருஷம்?"

"எழுபத்தொண்ணு."

"நமக்குக் கல்யாணம்?"

"எழுபத்தெட்டு."

"அப்போ இது யாரு?"

"நிலாவைப் பத்தி எழுதினதும்மா."

"நிலாவுக்கு எப்படிங்க ரெட்டைச் சடை?"

நடுவர் அவர்களே, ஆயுள் முழுக்கப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவர், பெஞ்சு மேல் ஏறாத குறையாக நின்றார். "அது உவமை" என்றார். "உவமைக்கு நீலத் தாவணி எதுக்கு?" ஆமாம், ஐந்தாவது வரியில் தாவணி இருக்கிறது! அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை. மறுநாள் உப்பு இருந்தது, ரசம் இல்லை. பௌர்ணமி வந்தது. மொட்டை மாடியிலிருந்து மாமியார் குரல்: "ஏங்க, சீக்கிரம் வாங்க, உங்க ரெட்டைச் சடை வந்திருக்கா!"

எதிரணி துள்ளுகிறது, "பார்த்தீர்களா, சுமைதானே?" என்று. இருங்கள். அடுத்த முறை போனபோது அந்தப் பக்கம் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்குகிறது. மாட்டியது மாமியார். "எங்க வீட்டுக்காரர் காலேஜிலேயே கவிஞர்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். தாவணி வரியின் மேல் மட்டும் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு.

தம்பி ஸ்பெயின் வழக்கைச் சொன்னார். கடனுக்காக ஒருவரின் சொத்து ஏலத்துக்கு வந்ததாக 1998இல் பத்திரிகையில் அறிவிப்பு. பிரச்சினை தீர்ந்து பல வருடமாகியும் கூகுளில் அவர் பெயரைத் தட்டினால் அதுவே வந்து நின்றது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பெயரைத் தேடினால் வரும் அந்த மாதிரி இணைப்புகளை நீக்கச் சொல்ல உரிமை உண்டு என்றது. சரி. பத்திரிகைப் பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதைத் தம்பி விழுங்கிவிட்டார். "என்னை மறந்துவிடுங்கள்" என்று கேட்டவரின் பெயரை இன்று சட்ட மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள்! வழக்கிலிருந்து விடுதலையான பிறகும் தீர்ப்பில் பெயர் தொங்குகிறதே என்று சென்னை உயர் நீதிமன்றப் படி ஏறியவர் உண்டு. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நான் வழுக்கைத் தலையன்தான், கல்நெஞ்சன் அல்ல.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கொடுங்கள்.

எங்கள் குடியிருப்பில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். சிறு வயதில், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த புகையைப் பார்த்தவர். சுமார் 97,000 நூல்கள் அதில் போயின. 1995 அக்டோபர் கடைசியில் ஊரே இடம்பெயர்ந்தபோது கையில் அகப்பட்ட பையோடு புறப்பட்டவர். போட்டோ, சான்றிதழ் ஒன்றும் மிஞ்சவில்லை. ஈழத்து அச்செழுத்தைக் காப்பதற்காகத் தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் இணையத்தில் இருக்கிறது. பள்ளி மலர்களைக்கூட விடாமல் ஏற்றுகிறார்கள்.

அக்கா தேடியது கல்யாணத்துக்கு முந்தைய பெயரை, அப்பா பெயரோடு. ஏழாம் வகுப்பில் எழுதிய கட்டுரை வந்தது, 'எங்கள் வீட்டுக் கிணறு'. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் கட்டுரையைப் படிக்கப் போனேன். அவர் விரல் நிற்கவில்லை, பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். விளையாட்டுப் போட்டி முடிவுகள். 100 மீட்டர், மூன்றாம் இடம்.

"என்ரை தம்பியின்ரை பெயர், பாருங்கோ" என்றார்.

அந்தத் தம்பி இன்று இல்லை. ஒரு படம்கூட இல்லை. அவன் ஓடினான், மூன்றாவதாக வந்தான் என்பதற்கு அச்சில் இருப்பது அந்த ஒரு வரிதான். அதிலும் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

எதிரணித் தம்பி, நான் தோற்றாலும் பரவாயில்லை. கூட்டம் முடிந்ததும் என்னோடு வாருங்கள். அந்த வரி சுமை என்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள். மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாது, படியேறித்தான் வர வேண்டும். வணக்கம்.