கேஸும் தொலைபேசியும்: இரண்டு விற்பனைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

அரச நிறுவனங்களை விற்கலாமா கூடாதா என்ற கேள்வி இலங்கையில் தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. அதற்கு நேரடியாகப் பதில் சொல்வதற்கு முன், சந்திரிகா குமாரதுங்க ஜனாதிபதியாக இருந்தபோது இரண்டு வருட இடைவெளியில் நடந்த இரண்டு விற்பனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது சமையல் கேஸ். 1995இல் கொழும்பு கேஸ் கம்பனியின் 51 சதவீதப் பங்கை ஷெல் நிறுவனம் 37 மில்லியன் டொலருக்கு வாங்கியது. ஐந்து வருடத்துக்கு வேறு எவரும் அந்த வியாபாரத்துக்குள் வர முடியாது என்ற ஏகபோக உரிமையும் அதோடு சேர்ந்து கிடைத்தது. நகரத்து வீடுகள் விறகையும் மண்ணெண்ணெயையும் விட்டு கேஸுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அடுப்பை மாற்றி, சிலிண்டருக்கு முற்பணமும் கட்டிய பிறகு விலை கூடினால் ஒரு குடும்பம் என்ன செய்யும்? எந்தக் கடைக்குப் போனாலும் அதே கம்பனியின் சிலிண்டர்தான். கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப விறகுக்குப் போக வேண்டும். இன்றைய நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை உருவானது 2003இல். விற்றது முதலில், காவல் எட்டு வருடம் கழித்து.

அடுத்தது தொலைபேசி. வீட்டுக்கு ஒரு இணைப்பு கேட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தை வயதில் மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1997இல் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் 35 சதவீதப் பங்கை ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 225 மில்லியன் டொலருக்கு வாங்கி, நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. ஆனால் இங்கே அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. 1991இலேயே தொலைத்தொடர்புக்கென்று புதிய சட்டம் வந்துவிட்டது. ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விற்பனைக்கு முதல் வருடம் அமைந்தது. கைத்தொலைபேசிக் கம்பனிகளும், கம்பியில்லாமல் வீட்டு இணைப்புக் கொடுத்த சன்டெல், லங்கா பெல் போன்றவையும் ஏற்கெனவே களத்தில் நின்றன. போட்டி இருந்ததால் காத்திருப்போர் பட்டியல் சுருங்கியது.

அதே டெலிகொம்முக்கு வெளிநாட்டு அழைப்பில் மட்டும் 2002 வரை ஏகபோகம் விடப்பட்டது. அதன் விலையை எங்கள் சனம் நன்றாக அறியும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாய் தகப்பன் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொமியூனிகேஷன் கடைகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசிய நாட்கள் அவை. ஒரே கம்பனி, ஒரே முதலாளி. போட்டி இருந்த பக்கம் வசதி வந்தது, போட்டி இல்லாத பக்கம் சனம் கட்டியது.

சின்ன நாட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பல துறைகளில் ஒரு நிறுவனம்தான் முழுச் சந்தையும். வாங்க வருகிறவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அதனால் நிபந்தனைகளைப் பெரும்பாலும் அவர்களே சொல்கிறார்கள். அவசரத்துக்கு விற்கிற அரசு தலையாட்டிவிடுகிறது.

பிறகு ஆட்சி மாறுகிறது. 1998இல் எயார் லங்காவின் நிர்வாகம் பத்து வருட ஒப்பந்தத்தில் எமிரேட்ஸிடம் போனது. 2007 டிசம்பரில், லண்டனிலிருந்து வரும் நிரம்பிய விமானத்தில் பயணிகளை இறக்கிவிட்டு அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குழுவினருக்கு இடம் கொடுக்க விமான நிறுவனம் மறுத்தது. அதன் பிரதான நிறைவேற்று அதிகாரியின் வேலை அனுமதி இரத்தானது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2003இல் விற்ற காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் விற்பனையை 2009இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2010இல் எமிரேட்ஸின் பங்கை 53 மில்லியன் டொலருக்கும், கேஸ் கம்பனியை 63 மில்லியன் டொலருக்கும் அரசு திரும்ப வாங்கியது.

திரும்பி வந்ததால் நன்மை நடந்ததா? விமான சேவை அதன் பிறகு பெரும்பாலான வருடங்களில் நட்டத்தில்தான் ஓடியது, அந்தச் சுமை திறைசேரியின் தலையில். 2022இல் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு சனம் தெருவில் படுத்தபோது, கேஸ் கம்பனி அரசின் கையில்தான் இருந்தது. நாட்டில் டொலர் இல்லாததே பெரிய காரணம் என்பது உண்மை. ஆனாலும் அரசுடைமை என்பதாலேயே சனத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதை அந்த வரிசைகள் காட்டின.

2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவி வந்தபோது விமான சேவை, டெலிகொம், காப்புறுதி, கேஸ் எல்லாம் மறுபடியும் விற்பனைப் பட்டியலில் ஏறின. 2024 தேர்தலுக்குப் பிறகு விமான சேவையை விற்கும் திட்டம் கைவிடப்பட்டது. இந்த ஆட்டம் தொடர்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எதை விற்றாலும், வைத்துக்கொண்டாலும், ஒப்பந்தத்தின் முழு வாசகமும் கையெழுத்துக்கு முன்பே பாராளுமன்றத்தில் மூன்று மொழிகளிலும் வைக்கப்பட வேண்டும். ஒழுங்குபடுத்தும் சபை முதலில் அமைந்து வேலை செய்யத் தொடங்க வேண்டும். விலை பேசுவது அதற்குப் பிறகு.

இதற்கு ஒரு திகதியும் இருக்கிறது. 1992இல் அரச பெருந்தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. 53 வருடக் குத்தகை 2045இல் முடிகிறது. கொழுந்து பறிக்கும் மலையகக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாங்கள் தலைமுறைகளாக வாழும் லயத்துக் காணியில் உறுதிப்பத்திரம் இல்லை. வீடு கட்ட 7 பேர்ச் காணி ஒதுக்குவதற்குக்கூடத் தோட்ட நிர்வாகம் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த குத்தகை எழுதப்படும்போது அந்தக் குடும்பங்களின் பிரதிநிதிகள் மேசையில் உட்கார வேண்டும், வீடும் காணியும் அவர்கள் பெயருக்கு அதற்கு முன்பே மாறியிருக்க வேண்டும். அதற்கான சட்ட வேலையை இந்தப் பாராளுமன்றமே தொடங்கலாம்.

வணக்கம்.