வார்டில் முளைத்த கேள்விகள்

(பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன மருத்துவர்கள், செவிலியர்கள் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். நைட் டியூட்டியை முடித்துவிட்டு நேரே இங்கே வந்திருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தூங்குவது தப்பில்லை. பக்கத்தில் இருப்பவர் மேல் சாயாமல் தூங்குங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு நீளமானது: சான்றுசார் மருத்துவத்தில் இளம் தலைமுறைக்குச் சர்வதேச வலையமைப்புகள் தரும் ஆதரவு. சான்றுசார் மருத்துவம் என்றால், முறையான சோதனைகள் காட்டியதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வது. இதைக் கேட்டதும் பலருக்கு ஞாபகம் வருவது ஜூம் கூட்டமும், அது முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் சான்றிதழும்தான். அதை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் ஒரு கோப்பு நிறைய இருக்கிறது. ஆனால் இன்று பேச வந்த விஷயம் வேறு. வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம்கூட ஆகாத ஒருவர், தன் வார்டில் தினமும் உறுத்துகிற ஒரு சந்தேகத்துக்குப் பல நாடுகள் ஏற்றுக்கொள்ளும் விடையைக் கண்டுபிடிக்க முடியுமா? சில இடங்களில் முடிந்திருக்கிறது. எப்படி முடிந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

1969இல் இயன் சாமர்ஸ் என்ற பிரிட்டிஷ் இளம் டாக்டர் காஸாவுக்கு வேலைக்குப் போனார். பாலஸ்தீன அகதிகளுக்காக ஐ.நா. நடத்திய மருத்துவப் பணி அது. தட்டம்மை கண்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். தட்டம்மை வைரஸ் நோய், வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது, ஆகவே பாக்டீரியா தொற்று வந்தது உறுதியாகும்வரை ஆன்டிபயாட்டிக் எழுதாதே: கல்லூரியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். கேட்கும்போது எவ்வளவு சரியாக இருக்கிறது! அவரும் அப்படியே செய்தார். சில குழந்தைகள் நிமோனியாவில் செத்துப்போனார்கள். பல வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அந்த நிமோனியா குறையலாம் என்று காட்டிய சோதனைகள், அவர் காஸாவில் கால் வைப்பதற்கு முன்பே பத்திரிகைகளில் வெளிவந்திருந்தன. இதை அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

அந்த இளைஞரிடம் படிப்பு குறைவு என்று சொல்ல முடியாது, அக்கறை குறைவு என்றும் சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்தது ஒரு வாத்தியாரின் வாக்கியம் மட்டும். வெவ்வேறு நாட்டுப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த சோதனைகளைத் திரட்டி, எடைபோட்டு, அவர் கையில் சேர்க்க ஆளில்லை. அந்த வேலையைச் செய்ய 1992இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மையம் தொடங்கினார். மறு வருடமே அது பல நாட்டவர் சேர்ந்த காக்ரேன் கூட்டமைப்பாக விரிந்தது. தட்டம்மைக் கேள்வியைப் பிற்பாடு காக்ரேன் மதிப்பாய்வாக, அதாவது கிடைத்த சோதனைகளையெல்லாம் திரட்டி எடைபோடும் அறிக்கையாக, எடுத்துச் செய்தவர்களில் டெல்லி எய்ம்ஸின் குழந்தை மருத்துவர்கள் கப்ராவும் லோதாவும் உண்டு. காஸாவில் எழுந்த சந்தேகத்துக்கு டெல்லியில் உட்கார்ந்து விடை எழுதியிருக்கிறார்கள்.

சரி, இது திரட்டுகிற வேலை. திரட்டப் போனால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது. அதில் பாதி நடந்தது நம் வேலூரில்.

மனநல அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நள்ளிரவில் நாலு பேர் பிடித்துக்கொண்டு ஒருவரை அழைத்து வருவார்கள். தன்னையும் மற்றவர்களையும் அடித்துக்கொள்கிற நிலையில் இருப்பார். அந்த நிமிடத்தில் எந்த ஊசி? பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்து மருத்துவமனைகளில் பெரும்பாலும் போட்டது ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தும் புரோமெதசின் என்ற ஒவ்வாமை மருந்தும் சேர்த்து. நாம் செரினேஸ், ஃபெனர்கன் என்று சொல்கிறோமே, அதே இரண்டு ஊசிகள்தான். விலை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அந்தச் சேர்க்கையை முறையாகச் சோதித்த ஆய்வு உலகத்தில் ஒன்றுகூட இல்லை. காப்புரிமை தீர்ந்த மருந்துக்கு எந்தக் கம்பெனி செலவு செய்யும்?

ரியோவில் ஜிசெல் ஹஃப் என்பவர் தன் முனைவர் பட்டத்துக்கு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் காக்ரேன் ஸ்கிசோஃப்ரினியா குழுவின் பொறுப்பில் இருந்த கிளைவ் ஆடம்ஸ் கூட நின்றார். சோதனையின் அமைப்பைப் பாருங்கள், அதில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. முத்திரையிட்ட பெட்டிகள், எந்தப் பெட்டியில் எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவானது, திறக்கும்வரை டாக்டருக்கே தெரியாது. நோயாளிகள் 301 பேர். 2003இல் முடிவு வந்தது: ஒப்பிட்டுப் பார்த்த மிடசோலம் என்ற தூக்க மருந்து இன்னும் வேகமாக அமைதிப்படுத்துகிறது, இந்தச் சேர்க்கையும் நன்றாகவே வேலை செய்கிறது.

அதே கேள்வியை, கிட்டத்தட்ட அதே அமைப்பில், வேலூர் சி.எம்.சி.யில் பேராசிரியர் பிரதாப் தர்யனின் குழு எடுத்துச் செய்தது. இங்கே ஒப்பிட்டது லோரசெபாம் என்ற அமைதியூட்டும் மருந்துடன், ஏனென்றால் நமக்கு அந்த ஒப்பீடுதான் தேவை. 200 பேரை எடுத்தார்கள். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் 96 சதவீதம் பேர் அமைதியாகவோ உறக்கத்திலோ இருந்தார்கள். சேர்க்கை ஊசி போட்டவர்களில் 76 சதவீதம் பேர் தூங்கியிருந்தார்கள், லோரசெபாம் போட்டவர்களில் 45 சதவீதம். ஆய்விலிருந்து நழுவிப்போனவர் 200இல் ஒரே ஒருவர். அவசரப் பிரிவில் ஆய்வு செய்தவர்கள் இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் பட்டேன்.

அடுத்து, 2007இல் வெளியான சோதனையில், வேலூர் 300 பேரை வைத்து, விலை கூடிய ஓலான்சபின் என்ற மனநோய் மருந்து ஊசியோடு ஒப்பிட்டது. ஓலான்சபின் போட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கு நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி மருந்து தேவைப்பட்டது. பழைய மலிவுச் சேர்க்கையில் 21 சதவீதம். அதே 2007இல் ரியோவிலிருந்து இன்னொரு சோதனை வெளியானது. ஹாலோபெரிடாலைத் தனியாகக் கொடுத்தால் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்கிற டிஸ்டோனியா வருகிறது என்பதால் அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கூட ஃபெனர்கன் போட்டவர்களிடம் அது வரவில்லை. ஐரோப்பாவில் அதுவரை ஹாலோபெரிடாலைத் தனியாகக் கொடுப்பது சாதாரண வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை எழுதும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்டதைத் திறந்து பாருங்கள்: ஒன்று லோரசெபாம் தனியாக, இல்லையென்றால் ஹாலோபெரிடால், புரோமெதசினோடு சேர்த்து. ரியோவிலும் வேலூரிலும் ராத்திரி டியூட்டியில் பெட்டியைத் திறந்து ஊசி போட்டவர்களின் உழைப்பு லண்டன் வழிகாட்டுதலில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஆதரவு எந்த உருவத்தில் வந்தது என்று கவனியுங்கள். ஒரு நாட்டில் ஓடிய சோதனையின் அமைப்பு இன்னொரு நாட்டுக்கு அப்படியே கைமாறியது. அனுபவமுள்ள ஒருவர் கூட நின்றார். கேள்வியை யாரும் மேலிருந்து இறக்கவில்லை.

இரண்டாவது உதாரணம் அறுவை சிகிச்சையில். பிரிட்டனில் பயிற்சி டாக்டர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மருத்துவமனை மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு இடத்தில் நின்று ஆய்வு செய்யவே முடியாது. பர்மிங்காம் பக்கத்துப் பயிற்சி டாக்டர்கள் இதையே ஒரு வசதியாக்கிக்கொண்டார்கள். எல்லா மருத்துவமனையிலும் நம்மில் ஒருவர் இருக்கிறார் அல்லவா, எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்போம் என்றார்கள். அப்படி நடந்த ரொசினி சோதனையில், வயிற்று அறுவையில் காயத்தின் ஓரத்துக்குப் போடும் ஒரு பாதுகாப்பு உறையைச் சோதித்தார்கள். 760 நோயாளிகள். உறையால் பயன் இல்லை என்று தெரிந்தது. பயன் இல்லை என்று தெரிவதும் பெரிய லாபம்தான். ஸ்டோர்ஸில் பில் போடுகிறவரைக் கேளுங்கள்.

அந்த யோசனை 2014இல் குளோபல்சர்ஜ் ஆனது. மருத்துவ மாணவர்களும் பயிற்சி டாக்டர்களும் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்ந்து, தங்கள் மருத்துவமனையில் ஏதாவது இரண்டு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, அவசர வயிற்று அறுவை ஒவ்வொன்றையும் பதிவு செய்தார்கள். 58 நாடுகள், 357 மருத்துவமனைகள், 10,745 நோயாளிகள். எத்தனை பெரிய பேராசிரியரும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது. அடுத்த சுற்றில் 66 நாடுகளில் அறுவைக் காயத்தில் சீழ் பிடிப்பதைக் கணக்கெடுத்தார்கள். வளர்ச்சியில் மேலே உள்ள நாடுகளில் 9.4 சதவீதம், கீழே உள்ள நாடுகளில் 23.2 சதவீதம்.

கணக்கெடுத்ததோடு நின்றிருந்தால் நான் இதை இங்கே பேசியிருக்க மாட்டேன். அந்த எண்ணிலிருந்துதான் அடுத்த சோதனைகள் பிறந்தன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறுவைக்கு முன் தோலைச் சுத்தம் செய்ய ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினையும், டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி பூசிய தையல் நூலையும் பரிந்துரைத்திருந்தது. இரண்டுமே விலை கூடியவை. ஃபால்கன் சோதனை இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5,788 பேரிடம் இவற்றைப் பார்த்தது. தியேட்டரில் நாம் பீட்டாடின் என்று சொல்லும் சாதாரண பொவிடோன் அயோடினையும் பூச்சில்லாத நூலையும் விட அவை மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அப்புறம் சீட்டா சோதனை. வயிற்றை மூடுவதற்கு முன் எல்லோரும் கையுறையை மாற்றி, கருவிகளையும் புதிதாக எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். அதே ஏழு நாடுகள், 13,301 நோயாளிகள். சீழ் பிடிப்பது 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. இந்த மாற்றம் நடக்க வேண்டுமானால் ஸ்க்ரப் நர்ஸ் இரண்டாவது ட்ரேயைத் தயாராக வைத்திருக்க வேண்டும். செவிலியர்களைத் தள்ளி வைத்துவிட்டுச் சான்றுசார் மருத்துவம் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப்பார்க்கலாம்.

இனி குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பணம் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வருகிறது. பிரிட்டிஷ் அரசின் ஆய்வு நிதி 2023 மார்ச்சில் அங்கிருந்த காக்ரேன் மதிப்பாய்வுக் குழுக்களுக்குக் கொடுத்துவந்த அடிப்படை நிதியை நிறுத்தியது, உலகம் முழுக்க நம்பியிருந்த பல குழுக்கள் கலைந்தன. ஒரு நாட்டின் பட்ஜெட் முடிவுக்கு நம்மிடம் ஓட்டு கிடையாது. பிறகு நேரம்: பிரிட்டனில் குளிர்காலத்தில் மதியம் மூன்று மணி என்றால் நமக்கு இரவு எட்டரை, அதாவது கேஷுவால்ட்டி நிரம்புகிற நேரம். நேரில் வரச் சொன்னால் விசா.

இவற்றை விட என்னை உறுத்துவது பெயர் விஷயம். குளோபல்சர்ஜ் கட்டுரைகளில் ஆசிரியர் இடத்தில் இருப்பது கூட்டமைப்பின் பெயர். வேலை செய்த ஒவ்வொருவரின் பெயரும் உள்ளே பட்டியலாகி, பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தேடினால் கிடைக்கும். நேர்மையான ஏற்பாடு. ஆனால் நம் நாட்டுப் பதவி உயர்வுக் கணக்கில் முன்வரிசை ஆசிரியர்களுக்கும், பத்திரிகையோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும்தான் மதிப்பெண். இருநூறாவது பெயராக இருக்கிற உங்களுக்கு அங்கே பூஜ்யம். தரவு சேகரித்துக் கொடுக்கும் கையாகவே நம்மவர்கள் நின்றுவிடுவதற்கு இதுவும் காரணம். ஆகவே ஒரு வலையமைப்பில் சேரும்முன் கேட்டுவிடுங்கள்: கேள்வியை யார் முடிவு செய்தார்கள்? எங்கள் மருத்துவமனைத் தரவை நாங்கள் தனியாக அலசி எழுதலாமா? பதில் வழவழவென்று வந்தால் யோசித்துச் சேருங்கள்.

நீங்கள் இப்போதே என்ன செய்யலாம்? காக்ரேன் கிரௌட் என்று ஒன்று 2016 முதல் இருக்கிறது. ஆய்வுச் சுருக்கத்தைக் காட்டும். இது குலுக்கல் முறைச் சோதனையா இல்லையா என்று சொல்ல வேண்டும். பலர் ஒத்துப்போனால்தான் முடிவு ஏறும், அதனால் தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். பஸ்ஸில் போகும்போதே செய்யலாம். ஒரு சில நூறு சுருக்கம் பார்த்தவுடன் படிக்கிற கண்ணே மாறிவிடும். காக்ரேன் முடிவுகளை எளிய தமிழில் எழுதுகிற வேலையும் தன்னார்வலர்களால் நடந்திருக்கிறது. அதில் கைவைத்துப் பார்த்தால் எண்களை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பது பழகும்.

பெரிய வாய்ப்பு உங்கள் தீசிஸ்தான். எம்.டி., எம்.எஸ். படிக்கிற ஒவ்வொருவரும் எழுதியாக வேண்டும். 60 நோயாளி, ஒரு கருப்பு அட்டை பைண்டிங், நூலகத்தில் தூசி. ஐந்து கல்லூரியில் ஐந்து பேர் ஒரே கேள்வியை, ஒரே புரோட்டோகாலில், ஆளுக்கு 60 என்று எடுத்தால் 300. வேலூரின் இரண்டாவது சோதனை மொத்தமே 300 பேர்தான், அது பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். அந்தப் பதிவேட்டில் தேடுங்கள். உங்கள் கேள்வியையே கையில் வைத்திருக்கும் இன்னொரு பி.ஜி. மதுரையிலோ மைசூரிலோ இருப்பார். முதல் கூட்டாளி அவர். கொழும்பும் நைரோபியும் அப்புறம் வரட்டும்.

முன்வரிசையில் துறைத்தலைவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பி.ஜி. யாராவது இப்படி ஒரு கூட்டு ஆய்வில் சேர்ந்தால் வாரத்தில் ஒரு மதியம் ஓ.பி.யிலிருந்து விடுங்கள். எதிக்ஸ் கமிட்டித் தாள் இரண்டு மாதம் மேஜையில் கிடந்தால் நீங்கள் ஒரு போன் செய்தால் நகரும், அவர் பத்து முறை நடந்தாலும் நகராது. கட்டுரை எழுதும்போது அவர் பெயர் முதலில் வரட்டும், உங்கள் பெயர் கடைசியில் வந்தாலும் உங்களை யாரும் மறந்துவிட மாட்டார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.